இருமல் இல்லாத ஊர்

அந்த ஊருக்கு ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கடல் கண்ணில் படுவதற்கு முன்பே பேச்சுவண்டி காதில் விழுந்துவிடுவார். ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்குக் குதிரைவண்டி ஓட்டுகிறவர் அவர். குதிரை நின்றாலும் வாய் நிற்காது என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. "குதிரை காலால இழுக்குது, நான் வாயால இழுக்கறேன். ரெண்டும் சேந்தாத்தான் வண்டி போகுது" என்பார்.

வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் நெஞ்சுநோய்க்காரர்கள். கைக்குட்டையை வாயருகே பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். கூட வந்தவர்கள் பாடு அதைவிட மோசம். விட்டுவிட்டுத் திரும்பும்போது இந்த இருக்கை காலியாக இருக்குமே என்று இப்போதே யோசிக்கிற முகம் அவர்களுக்கு. அந்த மௌனத்தை வண்டிக்காரரால் தாங்க முடியாது. சாட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஊரின் கதையை எடுத்துவிடுவார்.

"எழுபது வருஷத்துக்கு முந்தி இங்க என்ன இருந்துச்சுன்னு நினைக்கிறீங்க? உப்புப் பூத்த சேறு. நாலு குடிசை. நண்டுகூட வேற ஊர் பாத்துப் போயிடும். அப்பதான் பெரிய டாக்டர் வந்தார். வைத்தியம் பாக்க வரலீங்க, சாக வந்தார். அவருக்கே நெஞ்சு நோவு. வீட்ல சவப்பொட்டிகூட செஞ்சு வச்சாச்சு. சாகறதுதான் சாகறோம், கடலைப் பாத்துக்கிட்டே சாவோம்னு ஒரு குடிசைய வாடகைக்கு எடுத்தார். ஒரு மாசம் ஆச்சு, சாகல. ரெண்டு மாசம் ஆச்சு, பசி எடுக்குதுன்னார். மூணாம் மாசம் ஓடிப்போய் ரயிலப் பிடிச்சார்னா பாத்துக்கோங்க."

"அப்பவே ரயில் இருந்ததா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் சொல்வது.

"ரயில் அவருக்கப்புறம்தாங்க வந்துச்சு. ஆனா ஓடினது நிஜம்."

ஒரு சின்னச் சிரிப்பு எழும். அது போதும் அவருக்கு. பிறகு வழியில் வருவதையெல்லாம் சாட்டைக் காம்பால் காட்டிக்கொண்டே போவார். நெஞ்சுநோய்க்காரர்கள் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ளப் பெரிய டாக்டர் கட்டின சானடோரியம். நோயாளிகள் கட்டிலில் படுத்தபடி கடலைப் பார்க்கிற நீளமான கண்ணாடித் தாழ்வாரம். கடல்நீரைக் காய்ச்சிக் குளிக்கிற குளியல் மண்டபம். அலைக்கு மேலே காலாற நடந்துபோய்க் காற்று வாங்குவதற்கென்றே போட்ட கடல்பாலம். அதற்குப் பின்னால் வரிசையாக ஓட்டல்கள். வண்டி சானடோரியத்து வாசலில் திரும்பும்போது கடைசி வரியைச் சொல்வார். "இந்த ஊர்ல இருமல் சத்தமே கேக்காதுங்க. ஊர்க்காரங்க ஒருத்தராவது இருமி யாராவது பாத்திருக்காங்களா? காத்து அப்படி!"

கதை முக்கால்வாசி உண்மை. பெரிய டாக்டர் வந்ததும் உண்மை, தேறியதும் உண்மை. தேறிய சில வருஷங்களில் அதே நோயில், அதே ஊரில், தான் கட்டிய தாழ்வாரத்திலேயே அவர் செத்துப்போனதும் உண்மைதான். அதை வண்டிக்காரர் சொல்வதில்லை. வாழ வந்தவர்களிடம் அதை எதற்குச் சொல்வது?

ஊர்க்காரர்கள் இருமாததற்குக் காற்று காரணமில்லை. ஒரு வருஷம் கடைவீதித் தையல்காரர் வீட்டில் மூன்று பேருக்கு ஒன்றாக இருமல் பிடித்தது. ஓட்டலுக்கு வந்த யாரோ அதைக் கேட்டுவிட்டுப் போய்ப் பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். அடுத்த கோடையில் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. இருப்பதிலேயே பெரிய ஓட்டலின் சொந்தக்காரர்தான் நகரசபைத் தலைவர். அவர் ஊரைக் கூட்டினார்.

"நான் சட்டம் எதுவும் போடல. நம்ம எல்லார் வயித்துக்காகவும் சொல்றேன். இந்த ஊருக்கு நோயாளி வரலாம். நோய் இங்க பொறக்கக் கூடாது. அவ்ளோதான்."

கைதட்டினார்கள். வண்டிக்காரரும் தட்டினார். மறுவாரம் தையல்காரர் குடும்பம் மூட்டை முடிச்சோடு ரயில் ஏறியது. தலைவரே ஸ்டேஷன் வரைக்கும் வந்து ஒரு கூடைப் பழம் கொடுத்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் இருமவில்லை. இருமித்தான் ஆகவேண்டும் என்றவர்கள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினார்கள். இல்லாவிட்டால் அலை இரைகிற பாறைப்பக்கம் போய் இருமிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

வண்டிக்காரரின் மனைவிக்குச் சானடோரியத்துச் சலவைக் கொட்டகையில் வேலை. நோயாளிகளின் விரிப்புகளைக் கொப்பரையில் போட்டு வேகவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் உலர்த்துவாள். பேச்சில் புருஷனுக்கு நேர் எதிர். "எங்க வீட்டுக்குன்னு ஆண்டவன் அளந்த பேச்சையெல்லாம் இவரே எடுத்துக்கிட்டார், எனக்கு மிச்சம் வைக்கல" என்று அவளே சொல்வாள்; ஒரு வாரத்துக்கு அவள் பேசுகிற மொத்தப் பேச்சும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரே மகள் கண்ணாடித் தாழ்வாரத்தில் நோயாளிகளுக்குப் பால் ஊற்றுவதும் போர்வை மடிப்பதுமாக இருந்தாள். வாய் அப்பனைக் கொண்டது. அவர் சொல்கிற ஊர்க்கதையை அவரைப்போலவே குரலை ஏற்றி இறக்கிச் சொல்லிக் காட்டுவாள். நோயாளிகள் சிரிப்பார்கள். சிரித்தால் இருமல் வரும், இருமினால் பெரிய நர்ஸம்மா திட்டுவார். திட்டிவிட்டு, அடுத்த அறைக்குப் போய்த் தானும் சிரித்துக்கொள்வார்.

அந்த வசந்தத்தில் மகள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்க ஆரம்பித்தாள். சாயங்காலமானால் கன்னம் சிவந்திருந்தது. கல்யாணக் களை வந்துவிட்டது என்றார் வண்டிக்காரர். ஒருநாள் அவர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தபோது மனைவி எதையோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லாயத்துக்கு வந்தாள்.

"என்னங்க."

"ம்."

"நம்ம பொண்ணோட தலகாணி உறை."

விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். "பல்லுல வந்திருக்கும்" என்றார்.

"பல்லுல வர்றது நுரையா வராது. நான் தெனமும் வெளுக்கற கறை இது."

வண்டிக்காரர் அந்த உறையை வாங்கி, மடித்து, மறுபடி மடித்து, இன்னும் மடிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

சானடோரியத்தை அப்போது நடத்திக்கொண்டிருந்தவர் பெரிய டாக்டரின் மகன். சின்ன டாக்டர் என்பார்கள். கெட்ட மனுஷன் இல்லை. மகளைத் தன் வீட்டுக்கே வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, முதுகில் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். அவளை வெளியே அனுப்பிவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"ரெண்டு பக்கமும் இருக்கு. இங்க சேக்க வழியில்லப்பா. பணம் கட்டிச் சேர்ற கட்டில் உங்களால ஆகாது. இலவசக் கட்டில் நாலு இருக்கு, அது வெளியூர் ஏழைகளுக்குன்னு தர்மம் பண்ணினவங்க எழுதி வச்சது. ஊர்க்காரங்களுக்குக் குடுத்தா தலைவர் விடமாட்டார், தெரியும்ல? அவளை எங்கேயாவது வெளியே அனுப்பு. நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு. அதான் மருந்து."

"நல்ல காத்துக்குத்தானேங்க எல்லாரும் இங்க வர்றாங்க?" என்றார் வண்டிக்காரர். "இங்கயே இருக்கறவ எங்க போவா?"

சின்ன டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் வேலையை விட்டாள். சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கேட்டவர்களிடம் சொன்னார்கள். அவளுக்குச் சித்தியே கிடையாது என்பது பாதி ஊருக்குத் தெரியும். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. லாயத்தை ஒட்டிய பின்னறையில் ஜன்னலைச் சாத்தி அவளைப் படுக்க வைத்தார்கள். உலகமெல்லாம் காற்றைத் தேடி ஓடிவருகிற ஊரில், ஜன்னலைத் திறந்தால் சத்தம் வெளியே போகும் என்று அவளுக்கு மட்டும் காற்று இல்லை. அவளுக்கு இருமல் எடுக்கும்போதெல்லாம் வண்டிக்காரர் தகர வாளியைத் தட்டுவார், குதிரையை அதட்டுவார், எதுவும் கைக்கு அகப்படாவிட்டால் உரக்கப் பாடுவார். அவருக்குப் பாடவராது. "பேச்சுவண்டி இப்போ பாட்டுவண்டி ஆயிட்டார்" என்று கடைவீதியில் சிரித்தார்கள். உள்ளே மகளும் சிரித்தாள்.

"அப்பா, நான் இருமறதே தேவல. நோய் என்னைக் கொல்லல, உங்க பாட்டுதான் கொல்லுது."

"வாயை மூடிக்கிட்டுப் படு கண்ணு. வாய்ப்பேச்சு நம்ம வீட்டுக்கு ஆகல."

ஒருநாள் மத்தியானம் பெரிய நர்ஸம்மா லாயத்து வாசலில் வந்து நின்றார். குதிரையைப் பார்க்க வந்தவர் மாதிரி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே தணிந்த குரலில் பேசினார்.

"இலவசக் கட்டில் ஒண்ணு காலியாகுது. வெளியூர்க்காரிக்குத்தான் குடுப்பாங்க. அதனால உங்க பொண்ணு வெளியூர்க்காரியா வரட்டும். அடுத்த ஸ்டேஷன்ல ரயில் ஏறி இங்க எறங்கட்டும். பேர், ஊர் எல்லாம் நான் பாத்துக்கறேன். தலைமுடியை ஒட்ட வெட்டிடுங்க. பாதி ஆளாத்தான் ஆயிட்டாளே, முகம் மாறிப் போச்சு. ஆனா ஒண்ணு, உள்ள வந்தப்புறம் நீங்க யாரோ, அவ யாரோ. தெரிஞ்சா அவளும் வெளியே, நானும் வெளியே."

"அங்க வேலை செய்யற பொண்ணுங்க எல்லாருக்கும் அவளைத் தெரியுமேங்க."

"தெரியும்" என்றார் நர்ஸம்மா. "பாப்போம்."

மறுநாள் சாயங்காலம் புல் ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டு, வண்டியில் வைக்கோலுக்கு அடியில் மகளைப் படுக்க வைத்து, அடுத்த ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போனார்கள். பெண்கள் தங்கும் அறையில் ஒரு பெஞ்சில் அவளை உட்கார வைத்து, பக்கத்தில் தகரப் பெட்டியை வைத்தார்கள். விடிந்தால் வேலைக்குப் போயாக வேண்டும், இருவரும் திரும்பித்தான் ஆகவேண்டும். அம்மா அவள் தலையைத் தடவினாள். ஒட்ட வெட்டிய முடி கையில் குத்தியது.

"விரிப்பெல்லாம் எங்கிட்டதான் வரும்" என்றாள் அம்மா. "நல்லா இருந்தா மூலையில ஒரு முடிச்சுப் போட்டு வையி. முடியாம இருந்தா ரெண்டு போடு."

அவள் அவ்வளவு நீளமாகப் பேசிப் புருஷன் கேட்டதில்லை.

காலை ரயிலில் மகள் வந்து இறங்கினாள். கூடவே ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் சம்சாரமும் இறங்கினார்கள், வாத்தியாருக்குத்தான் நோய். வண்டிக்காரர் மூன்று பேரின் பெட்டிகளையும் ஏற்றினார். மகளின் தகரப் பெட்டியைத் தூக்கும்போது, "பாத்து ஏறுங்கம்மா" என்றார். பிறந்ததிலிருந்து அவளை 'நீங்க' என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் தலையைக் குனிந்துகொண்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

வண்டி கிளம்பியது. அவர் வாய் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் வாத்தியார் சம்சாரம் கேட்டாள்.

"ஊரைப் பத்தி ரொம்ப அழகா கதை சொல்லுவீங்களாமே? எங்க பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் வந்துட்டுப் போய்ச் சொன்னார். இவரும் அதைத்தான் கேட்டுக்கிட்டே வர்றார்."

வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். செருமியதே இருமலாகக் கேட்டுவிடுமோ என்று பயந்து நிறுத்தினார். பிறகு ஆரம்பித்தார். "எழுபது வருஷத்துக்கு முந்தி இங்க... உப்புப் பூத்த சேறு. நாலு குடிசை." அதோடு நின்றுபோயிற்று. ஆயிரம் தடவை சொன்ன கதை, அடுத்த வார்த்தை வரவில்லை. குதிரையின் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நண்டுகூட வேற ஊர் பாத்துப் போயிருக்கும் போல" என்றாள் மகள்.

வாத்தியார் சம்சாரம் சிரித்தாள். "உனக்கு இந்த ஊர் தெரியுமாம்மா?"

"இல்லீங்க. கேள்விப்பட்டதுதான். சொல்லுங்க வண்டிக்காரரே, அப்புறம் என்ன ஆச்சு?"

அவர் சொன்னார். அவர் எங்கே நின்றாலும் அவள் ஒரு கேள்வி போட்டு அடுத்த இடத்துக்கு இழுத்துவிட்டாள். அப்பவே ரயில் இருந்ததா என்றும் அவளே கேட்டாள். இப்படிக் குழந்தையைக் கைபிடித்துத் தெருவைத் தாண்ட வைப்பது போல அவரைக் கடல்பாலம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாத்தியார்கூட ஒரு இடத்தில் சிரித்துவிட்டார். சானடோரியத்து வாசல் திரும்பியது. கடைசி வரி மட்டும் பாக்கி. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். மகள் இரண்டு கையாலும் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். வந்த இருமலை உள்ளேயே அமுக்கியதில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அவ்ளோதாங்க ஊர்க்கதை" என்று சொல்லி வண்டியை நிறுத்தினார்.

இறங்கும்போது அவள், "ரொம்ப நன்றிங்க" என்றாள். அந்த வீட்டில் மகள் அப்பனுக்கு நன்றி சொல்லும் வழக்கமே கிடையாது. பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வெளியே வந்து, குதிரையின் கழுத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அவர் நெடுநேரம் நின்றார்.

தாழ்வாரத்தில் அவளோடு வேலை செய்த பெண்கள் பால் கொண்டுவந்தார்கள். அவளைப் பார்த்தார்கள். "புதுசா வந்திருக்கீங்களா? எந்த ஊரு?" என்று கேட்டார்கள். அவள் நர்ஸம்மா சொல்லிக் கொடுத்த ஊரைச் சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டு டம்ளரில் கொஞ்சம் கூடுதலாகவே பால் ஊற்றினார்கள். ஒருத்திகூட வெளியில் மூச்சு விடவில்லை. நகரசபைத் தலைவர் மாதம் ஒருமுறை வந்து கட்டில் கட்டிலாக நலம் விசாரிப்பது வழக்கம். அவரும் அவள் முன்னால் வந்து நின்றார். சின்ன வயதில் அவர் ஓட்டல் வாசலில் விளையாடிய பெண் அவள்.

"எந்த ஊர்ம்மா?"

சொன்னாள்.

"நல்ல ஊர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இதையெல்லாம் நர்ஸம்மா சொல்லக் கேட்ட வண்டிக்காரருக்கு, நம் மகள் அதிர்ஷ்டக்காரி, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று ஒரு நிம்மதி. கோடை முழுக்க அந்த நிம்மதியிலேயே ஓட்டினார். சாயங்காலம் மனைவி வீட்டுக்கு வந்ததும் முகத்தைப் பார்ப்பார். அவள் ஒரு விரலைக் காட்டுவாள். ஒரு முடிச்சு. அன்றைக்கு இருவரும் சாப்பிடுவார்கள். கோடை கழிய ஆரம்பித்ததும் இரண்டு விரல் காட்டுகிற நாட்கள் அதிகமாயின. ஒரு தடவை மூன்று காட்டினாள்.

"மூணுன்னா என்ன?"

"தெரியல. நாம அதுக்குப் பேசி வைக்கலியே."

கடல்பாலத்தில் நின்று பார்த்தால் கண்ணாடித் தாழ்வாரம் தெரியும். எந்தக் கட்டில் என்று தெரியாது, வெயிலில் கண்ணாடி கண்ணைக் கூசும். சவாரி இல்லாத நேரத்தில் வண்டிக்காரர் அங்கே போய் நின்றுகொள்வார். ஒருநாள் எதற்கும் இருக்கட்டும் என்று கையை உயர்த்தி ஆட்டினார். பக்கத்தில் நின்ற ஓட்டல்காரர்கள் யாருக்கு என்று கேட்டார்கள். ஈ ஓட்டுகிறேன் என்றார்.

குளிர்காலம் தொடங்கிய ஒரு காலையில் கொட்டகைக்கு வந்த மூட்டையைப் பிரித்து மனைவி ஒவ்வொரு விரிப்பாக மூலையைப் பார்த்தாள். எதிலும் முடிச்சு இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் கொப்பரையில் போட்டாள். அதே நேரத்தில் லாயத்துக்கு ஆள் வந்து வண்டியைப் பின்வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னான். செத்துப்போகிற வெளியூர்க்காரர்களை, கேட்டு வர ஆள் இல்லாவிட்டால், மணல்மேட்டுக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கென்று இருந்த இடுகாட்டில் புதைப்பார்கள். கொண்டுபோவது அவர் வண்டிதான். எத்தனையோ தடவை போயிருக்கிறார். யார் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. பின்வாசலில் நர்ஸம்மா நின்ற விதமே சொல்லிவிட்டது.

வண்டி சலவைக் கொட்டகையைத் தாண்டித்தான் போகவேண்டும். மனைவி முற்றத்தில் ஈர விரிப்பை உலர்த்திக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு வெளியூர்க்காரியின் பிணத்துக்குப் பின்னால் சலவை வேலை பார்க்கிறவள் அழுதுகொண்டு போனால் ஊர் கேட்கும். அவள் விரிப்பைப் பிழிந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள். வண்டி கண்மறையும் வரைக்கும் பிழிந்துகொண்டே இருந்தாள். மணல்மேட்டில் இரண்டு ஆட்கள் குழி தோண்டி வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் குதிரையை அவிழ்க்காமல் ஒதுங்கி நின்றார். பலகையில் நர்ஸம்மா வைத்த பெயரும், அவள் ஒருநாளும் போகாத ஓர் ஊரின் பெயரும் இருந்தன.

அதற்குப் பிறகு அவர் வண்டியில் கதை கிடையாது. வருகிறவர்கள் கேட்டால், "கடல் இருக்கு, காத்து இருக்கு" என்பதோடு சரி. வண்டிக்காரருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஓட்டல்களில் புகார் சொன்னார்கள்.

சில வருஷங்கள் போயின. மருந்து வந்தது. ஊசி முதலில், பிறகு மாத்திரை. காற்றும் வேண்டாம், கடலும் வேண்டாம், வீட்டிலேயே இருந்து விழுங்கினால் போதும் என்றார்கள். உலகம் முழுக்கக் கொண்டாடிய செய்தி அந்த ஊருக்கு மட்டும் இழவுச் செய்தி. ரயிலில் முதலில் கூட்டம் குறைந்தது, பிறகு ரயிலே குறைந்தது. கண்ணாடித் தாழ்வாரத்தில் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி, கடைசியில் அங்கே குருவிகள் கூடு கட்டின. குளியல் மண்டபத்துக் குழாய்கள் உப்பு அரித்து உதிர்ந்தன. ஒரு புயலில் கடல்பாலத்தின் நடுப்பகுதி போயிற்று. எடுத்துக் கட்டுவார் இல்லை. தலைவர் ஓட்டலைப் பூட்டினார். குதிரை கிழடாகிச் செத்தது. வண்டிக்காரர் காலி சானடோரியத்துக்குக் காவல்காரரானார். காவல் காக்க அங்கே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், "என்னை" என்பார். அந்த ஒரு வார்த்தையில்தான் பழைய பேச்சுவண்டி கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் அரசாங்கத்து வேன் வந்தது. எக்ஸ்ரே மெஷினோடு வந்து, கடைவீதியில் நிறுத்தி, நெஞ்சு நோய் உள்ளவர்கள் யாராக இருந்தாலும் வரலாம், படம் பிடித்து இலவசமாக மருந்து கொடுப்போம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முதலில் யாரும் அசையவில்லை. வேன் டாக்டர், "பரவாயில்லையே, உங்க ஊர்ல யாருக்கும் இல்லபோல" என்றார். இழக்க எதுவும் மிச்சமில்லாத ஊர் அது, யாரிடமிருந்து மறைப்பது? எதிர்வரிசையில் ஒரு கதவு திறந்தது. தாழ்வாரத்தில் பால் ஊற்றிய பெண் தன் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். அவன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதாகத்தான் ஊருக்குத் தெரியும். அடுத்து குளியல் மண்டபத்துக் குமாஸ்தாவின் அம்மா. அடுத்து இன்னொரு வீடு. ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டே போயிற்று. வெயிலில் கண் கூசி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஊர் மறந்துபோன ஆட்களெல்லாம் தெருவுக்கு வந்தார்கள். கடைசியாகத் தலைவர் தன் மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார். தாய்வீட்டோடு போய்விட்டாள், இருவருக்கும் ஒத்துவரவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த மனைவி.

தெருவே இருமிற்று. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை.

வண்டிக்காரர் ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மகளை ஏன் ஒருத்தரும் காட்டிக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தலைவர் அவரருகே வந்தார். ஆள் பாதியாக இருந்தார்.

"உன் பொண்ணைப் பாத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்பா. என் வீட்லயும் இது இருந்துச்சு. அதான் கண்டும் காணாம போனேன். என்னால முடிஞ்ச உதவி அது."

வண்டிக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஒரு வார்த்தை வாயத் தெறந்திருக்கலாம். நாங்க தெறந்திருக்கலாம். எல்லார் வீட்லயும் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நாலு கட்டில் நமக்கும் போட்டிருக்கலாம். பொழைச்சிருக்க மாட்டாங்க. அது தெரியும். ஆனா அவ எங்களை அம்மா, அப்பான்னு கூப்பிட்டுட்டாவது செத்திருப்பா."

தலைவரின் மனைவியைப் படம் பிடிக்கக் கூப்பிட்டார்கள், அவர் போய்விட்டார்.

இடுகாட்டுப் பலகையில் பெயரை மாற்றி எழுதிவிடலாம், இனி யார் கேட்கப் போகிறார்கள் என்று அன்று வீட்டில் வண்டிக்காரர் சொன்னார். மனைவி வேண்டாம் என்றாள்.

"அந்தப் பேர்ல வந்தவளைத்தான் கட்டில்ல படுக்க வச்சுப் பால் குடுத்தாங்க. நம்ம பேருக்கு அவளுக்கு என்ன கிடைச்சுது? இருட்டு ரூம்தானே? விடுங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் புறங்கையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படிச் செய்வதை அவர் பல மாதங்களாகப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார். மறுநாள் அவளை வேனுக்கு இழுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷம் அந்த விரிப்புகளைப் புழங்கியதற்கு வராமலா இருக்கும்? ஒரு பக்கம் நிழல் விழுந்திருந்தது. மாத்திரை கொடுத்தார்கள். தினமும் தவறாமல் போடவேண்டும் என்றார்கள்.

முதல் நாள் அவர் மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டியபோது அவள் வாங்கவில்லை.

"எதுக்கு?"

"எனக்கும் தெரியல. போடு" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்திருந்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். தினமும் அப்படித்தான். அவள் கேட்பாள், அவர் தெரியவில்லை என்பார், அவள் விழுங்குவாள். போகப்போகக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

மாத்திரை போடவேண்டிய காலம் முடிந்து வேன் மறுபடி வந்தபோது, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தார். சின்ன வயதுக்காரர்.

"சுத்தமா குணமாயிடுச்சும்மா. ஒண்ணுமே இல்ல."

"இனிமே என்ன செய்யணும்?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நல்லா இருந்தாப் போதும்."

இருவரும் வெளியே வந்தார்கள். பூட்டிய ஓட்டல்களின் வரிசையைத் தாண்டி, கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்கள். காற்று பலமாக இருந்தது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில் நின்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இருந்தாப் போதுமாம்" என்றாள்.

"ஆமா. அப்படித்தான் சொன்னார்" என்றார் அவர்.